கச்சேரி டிவிடியில் சாப்டர் குறி எங்கே நிற்க வேண்டும்

மூன்று மணி நேரக் கச்சேரியை வீட்டு டிவிடி ரெக்கார்டரில் பதிவு செய்தால், இயந்திரம் தானாகவே ஐந்து நிமிடத்துக்கு ஒன்று அல்லது பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று சாப்டர் குறி போட்டுவிடும். ஐந்து நிமிடக் கணக்கென்றால் 36 சாப்டர்கள். அவற்றில் ஒன்றாவது பாட்டு தொடங்கும் இடத்தில் விழுந்தால் அது தற்செயல். தோடி ஆலாபனை மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது ஒரு குறி விழும், கடம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று. ரிமோட்டில் அடுத்த சாப்டருக்குத் தாவினால் எந்த ராகத்தின் நடுவில் போய் இறங்குவோம் என்று சொல்லவே முடியாது.

இந்தக் குறிகளைக் கச்சேரியின் போக்குக்கு ஏற்ப நகர்த்தலாம். படத்தையோ ஒலியையோ மறுபடி சுருக்க வேண்டியதில்லை, தரம் ஒரு துளியும் குறையாது. ஆனால் எந்தக் குறியை எங்கே வைப்பது என்பதில் காதுக்கு உள்ள வேலை கணினிக்கு உள்ளதைவிட அதிகம். அதனால் இங்கே காது பற்றித்தான் கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

முதலில் டிஸ்க்கைக் காப்பாற்றுங்கள். 2000-களில் எழுதிய டிவிடி-ஆர் டிஸ்க்குகள் பலவற்றில் வெளி விளிம்புப் பக்கம் படிக்கச் சிரமப்படுகிறது. எழுத்து உள்ளிருந்து வெளியே போவதால், டிஸ்க் நிறையப் பதிந்திருந்தால் விளிம்பில் இருப்பது கச்சேரியின் கடைசிப் பகுதி, துக்கடாக்களும் (கடைசியில் பாடும் சிறு உருப்படிகள்) மங்களமும். எந்த வேலைக்கும் முன்னால் முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ கோப்பாக (டிஸ்க்கின் அச்சு நகலான ஒரே கோப்பு) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் இம்க்பர்ன் போதும். படிக்க மறுக்கும் டிஸ்க்குக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ, செக்டர் அளவை 2048 என்று கொடுத்து. ஒரு டிரைவில் படிக்காத இடம் வேறு டிரைவில் படிப்பதுண்டு. எது படித்தது, எது படிக்கவில்லை என்று குறித்து வைக்கும் டிடிரெஸ்க்யூவின் மேப் கோப்பை வைத்திருந்தால் விட்ட இடங்களை மட்டும் இரண்டாவது டிரைவில் முயலலாம்.

கணினியில் போட்டால் டிஸ்க் காலியாகத் தெரிகிறதா? பெரும்பாலும் அது ஃபைனலைஸ் செய்யாத (பதிவை மூடி மற்ற கருவிகளில் ஓடத் தயார் செய்யாத) டிஸ்க். பதிவு செய்த அதே ரெக்கார்டர் இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்வதே நல்லது. ரெக்கார்டர் இல்லையென்றால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் உள்ளிருப்பதை வெளியே எடுக்க முடியும்.

ரெக்கார்டரிலேயே குறியை மாற்ற முடியுமா என்பது பதிவின் வகையைப் பொறுத்தது. டிவிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ராம் டிஸ்க்குகளில் விஆர் (பின்னால் திருத்தக்கூடிய) முறையில் பதிந்திருந்தால், அல்லது பதிவு இன்னும் ரெக்கார்டரின் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தால், எடிட் மெனுவில் குறியைச் சேர்க்கலாம், நீக்கலாம். வீடியோ முறையில் (சாதாரண டிவிடி பிளேயரில் ஓடும் வகையில்) பதிந்து ஃபைனலைஸ் செய்த டிவிடி-ஆரில் எதையும் தொட முடியாது, கணினிதான் வழி. ஹார்ட் டிஸ்க்கில் பாடுபட்டுச் சரிசெய்த குறிகள் டிஸ்க்குக்கு நகல் எடுக்கும்போது தங்குமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதிவேக நகலில் பல இயந்திரங்கள் குறியைக் காப்பாற்றும், நிகழ்நேர நகலில் அழித்துவிட்டு மறுபடி கடிகாரக் குறிகளைப் போடும். ஓர் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் பத்து நிமிடத்தை நகல் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இனிக் கணினி. வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் திறந்தால் மூன்று வகைக் கோப்புகள் இருக்கும். விஓபி கோப்புகளில் படமும் ஒலியும். ஐஎஃப்ஓ கோப்பில் எந்த டைட்டிலில் எந்த சாப்டர் எங்கே என்ற அட்டவணை. பியுபி அந்த ஐஎஃப்ஓவின் நகல். ஐஎஃப்ஓவில் கை வைத்தால் பியுபியையும் அப்படியே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஐஎஃப்ஓ படிக்காத நாளில் பிளேயர் பழைய அட்டவணையை எடுத்துக்கொண்டு தவறான இடத்துக்குத் தாவும்.

குறியை நீக்குவதும் சேர்ப்பதும் ஒரே அளவு வேலை அல்ல. விஓபி உள்ளே பதிவு 'செல்' எனப்படும் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது, சாப்டர் குறி ஒரு செல்லின் தொடக்கத்தில் மட்டுமே நிற்க முடியும். வேண்டாத குறியை நீக்க ஐஎஃப்ஓ அட்டவணையில் அந்த வரியை எடுத்தால் போதும், செல்கள் அப்படியே இருக்கலாம். பிஜிசிஎடிட் என்ற மென்பொருளில் செய்துவிடலாம். ஆனால் புதிய இடத்தில் குறி வேண்டுமென்றால் அங்கே செல்லைப் பிளக்க வேண்டும். ஒவ்வொரு அரை விநாடிக்கும் ஒன்றாக விஓபி முழுக்க நிறைந்திருக்கும் வழிகாட்டிப் பொட்டலங்கள் ஒவ்வொன்றிலும் செல் எண் எழுதியிருப்பதால், அட்டவணையை மட்டும் திருத்தினால் பிளேயர் குழம்பும். கச்சேரி டிஸ்க்கில் ஏறக்குறைய எல்லாக் குறிகளுமே தவறான இடத்தில் இருப்பதால், பழையதை ஒட்டுப்போடுவதைவிடப் பிரித்து எடுத்துப் புதிதாகக் கட்டுவதே சுத்தமான வழி.

கட்டுவதற்கு முன் ஒரு வரம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்பெக்-2 படம் ஜிஓபி எனப்படும் கொத்துகளாக வருகிறது. ஒவ்வொரு கொத்தின் தலையிலும் ஒரு முழுப்படம், பின்னால் வருபவை அதிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டும். குறி கொத்தின் தலையில்தான் விழும். இந்தியாவின் பால் (PAL) டிவி முறையில் ஒரு கொத்து அதிகபட்சம் 15 ஃப்ரேம் (தனிப் படம்), அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் 18, இரண்டும் 0.6 விநாடி. நீங்கள் கேட்ட ஃப்ரேம் கொத்தின் நடுவில் இருந்தால் மென்பொருள் அதைப் பக்கத்துத் தலைக்கு நகர்த்தும். முன்னால் தள்ளுமா பின்னால் தள்ளுமா என்பது மென்பொருளைப் பொறுத்தது. இதோடு, தாவி இறங்கும்போது பல பிளேயர்கள் சுமார் அரை விநாடி ஒலியை மூடி வைக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 1.1 விநாடி. பாடகர் மூச்செடுக்க ஒரு கணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே கணக்கு இது: முதல் ஒலிக்கு 2 விநாடி முன்னால் குறி. கால் விநாடி முன்னால் வைத்துவிட்டு, முதல் ஸ்வரமே வெட்டுப்பட்டு வரும் டிஸ்க்குகள் ஏராளம். கைதட்டலுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் 2 விநாடி இல்லையென்றால் கைதட்டலின் வாலிலேயே வையுங்கள். தட்டல் கொஞ்சம் கேட்டால் பாதகமில்லை, பாட்டின் எடுப்பு போகக் கூடாது.

எது முதல் ஒலி? இதில்தான் கச்சேரி தெரிந்தவரின் தீர்ப்பு தேவைப்படுகிறது. பாடகர் ராகம், தாளம், இயற்றியவர் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்குபவராக இருந்தால், அந்த அறிவிப்பே முதல் ஒலி. சும்மா சுருதியில் 'ஆ' என்று ஒரு முறை நின்றுவிட்டு ஆரம்பித்தால் அந்த நிற்றலும் பாட்டோடு சேர்ந்தது. மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பது முந்தைய சாப்டரின் வாலில் போகட்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கச்சேரியின் கடைசிப் பகுதியில் மத்தியம சுருதிக்கு (மத்தியமத்தையே ஆதார ஷட்ஜமாகக் கொள்வது) மாறினால், சுருதி மாற்றும் அந்த இடத்துக்கு முன்னாலேயே குறி வையுங்கள். அதுவரை பஞ்சமத்தில் ஊறிய காதுக்குப் புதிய ஆதாரம் பழக அந்த இருபது முப்பது விநாடிகள் வேண்டும். நேராகப் பாட்டில் போய் இறங்கினால் ராகமே வேறாகத் தோன்றும்.

தொலைக்காட்சியில் வந்த மார்கழிக் கச்சேரியென்றால் பாட்டின் பெயர் திரையின் கீழே வரும். அதை வைத்துக் குறி போடாதீர்கள். எழுத்து வருவது பெரும்பாலும் பாட்டு தொடங்கிச் சில விநாடிகள் கழித்து, சில சமயம் ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும்போது.

சிறிய உருப்படிகளுக்கு ஆளுக்கு ஒரு குறி போதும். பிரதான உருப்படிக்கு அது போதாது. 50 நிமிடம் ஓடும் ஒரு பைரவிக்கு நான் வைப்பவை: பாடகரின் ஆலாபனை, வயலின் ஆலாபனை, கீர்த்தனை, நிரவல் (ஒரு வரியைப் பலவாறு விரித்துப் பாடுவது), கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது), தனியின் மோரா (தனியை முடிவுக்குக் கொண்டுபோகும் பகுதி). வயலினுக்குத் தனிக் குறி வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வயலின் கற்பவர் வீட்டில் இருந்தால் எந்தக் குறியைவிடவும் அதுதான் அதிகம் பயன்படும்.

நிரவலுக்குக் குறி வைக்கும்போது, வரியை விரிக்கத் தொடங்கும் இடத்தில் வைத்தால் எந்த வரி என்றே தெரியாது. அந்த வரியை நேராக ஒரு முறை பாடுவார்களே, அங்கே வையுங்கள். சௌக்க காலத்தில் ஓர் எண்ணிக்கையே ஒரு விநாடிக்கு மேல் ஓடும் என்பதால் மேலே சொன்ன 2 விநாடிக் கணக்கு இங்கே போதாது. எடுப்பு (வரி தொடங்கும் இடம்) சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) இல்லாமல் தள்ளி விழும் பாட்டென்றால் சமத்துக்கு முன்னாலேயே குறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளம் போடுகிறவர் ஓர் ஆவர்த்தனம் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்.

தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்கத்தின் முதல் சொல்லில் குறி வைப்பது வழக்கம். அது தவறு என்பேன். ஸ்வரக் கோர்வை முடிந்து பாடகர் பல்லவி வரியை ஒரு முறை எடுப்பாரே, அங்கே வைத்தால்தான் தாளம், நடை, எடுப்பு மூன்றும் காதில் விழுந்த பிறகு தனி தொடங்கும். முடிவில் உள்ள குறி பலருக்குத் தோன்றாத ஒன்று. தனியைத் தாண்டிப் போக விரும்புகிறவருக்கும் கடைசிக் கோர்வை கேட்க வேண்டும், அதிலிருந்து பாடகர் வரியை எடுக்கும் இடம் கேட்க வேண்டும். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துக் குறைப்பு முடிந்து, இரண்டும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய பிறகு மோரா வரும். மோராவின் தொடக்கத்தில் வையுங்கள்.

ராகம் தானம் பல்லவியில் ராகத்திலிருந்து தானத்துக்கு இடைவெளி இல்லாமலே போய்விடுவது உண்டு. கைதட்டலை நம்பித் தேடினால் கிடைக்காது. தானத்தின் துள்ளல் தொடங்குவதற்கு முந்தைய நீண்ட கார்வையில் (ஒரே ஸ்வரத்தில் நிற்பது) குறி வைக்கலாம். ராகமாலிகை விருத்தத்தில் ஒவ்வொரு ராகத்துக்கும் குறி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் அந்த இடம்தான் விருத்தத்தின் அழகே, அதைக் குறி போட்டு உடைக்க வேண்டாம். ஒரு டைட்டிலுக்கு 99 சாப்டர் வரை டிவிடி இடம் கொடுக்கும். முழுக் கச்சேரிக்கு 20 முதல் 30 தாராளம்.

செய்முறைக்கு வருகிறேன். பிஜிசிடீமக்ஸ் என்ற சிறிய விண்டோஸ் மென்பொருளில் ஐஎஃப்ஓவைக் கொடுத்து, படம், ஒலி, செல்டைம்ஸ் கோப்பு (குறிகளின் ஃப்ரேம் எண் பட்டியல்) மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். படம் எம்2வி கோப்பாகவும் ஒலி பெரும்பாலும் ஏசி-3 கோப்பாகவும் வரும். கூடவே ஒரு லாக் கோப்பு. அதில் ஒலியின் தாமதம் மில்லி விநாடியில் எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி கட்டும்போது அதைக் கொடுக்க மறந்தால் மிருதங்கத்தில் கை விழுவதும் ஒலி வருவதும் பொருந்தாமல் போகும்.

விஓபி கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெறுமனே ஒட்டி இந்த வேலையைச் செய்ய முயலாதீர்கள். ரெக்கார்டரில் இடையில் நிறுத்தித் தொடங்கியிருந்தால் அந்த இடத்தில் நேரக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும், அதற்குப் பின்னால் வரும் எல்லாக் குறிகளும் தவறும்.

ஏசி-3 கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைச் சேர்த்திருக்க வேண்டும். அலைவடிவத்திலிருந்து ஸ்பெக்ட்ரோகிராம் தோற்றத்துக்கு மாறுங்கள். தம்புரா அல்லது சுருதிப் பெட்டி கிடைக்கோடுகளாக நீண்டு தெரியும். கைதட்டல் மேலிருந்து கீழ்வரை அடைத்த மூட்டமாகத் தெரியும். மூன்று மணி நேரத்தில் எத்தனை உருப்படி என்பது ஒரு பார்வையில் எண்ணக் கிடைக்கும். ஒவ்வோர் இடத்திலும் காதால் உறுதி செய்து, கன்ட்ரோலும் பி-யும் அழுத்தி லேபிள் வைத்து, 'பைரவி - நிரவல்' என்று பெயரும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். முடிந்ததும் லேபிள்களை உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு வரியிலும் தொடக்கம், முடிவு, பெயர் கிடைக்கும். நேரம் விநாடியில் இருக்கும்.

விநாடியை ஃப்ரேமாக்க, பால் டிஸ்க்கென்றால் 25-ஆல் பெருக்க வேண்டும். 14 நிமிடம் 32.4 விநாடி என்பது 872.4 விநாடி. பெருக்கினால் 21,810. செல்டைம்ஸ் கோப்பில் இருக்கும் பழைய எண்களை அழித்துவிட்டு, வரிக்கு ஒன்றாக, ஏறுவரிசையில், காற்புள்ளி இல்லாமல் புதிய எண்களை எழுதுங்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவானவை பால். அமெரிக்காவிலோ கனடாவிலோ பதிவான ஆராதனைக் கச்சேரி, அரங்கேற்றம் என்றால் அது என்டிஎஸ்சி, விநாடிக்கு 29.97 ஃப்ரேம். இதை 30 என்று வைத்துப் பெருக்கினால் ஒரு மணி நேரத்தில் 107,892 வர வேண்டிய இடத்தில் 108,000 வரும். 108 ஃப்ரேம் என்பது 3.6 விநாடி, மூன்றாம் மணி முடிவில் 10.8 விநாடி. முதல் அரைமணிக் குறிகள் சரியாக இருந்து, பின்னால் போகப் போகக் குறிகள் தாமதமாக விழுந்தால் காரணம் இதுதான்.

கட்டுவதற்கு மக்ஸ்மேன் என்ற மென்பொருள். எம்2வி, ஏசி-3 இரண்டையும் கொடுத்து, தாமத எண்ணையும் செல்டைம்ஸ் கோப்பையும் கொடுத்தால் புதிய வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் தயார். படமும் ஒலியும் இருந்தபடியே உள்ளே போகும். ஃப்ரேம் கணக்கு வேண்டாம், திரையில் பார்த்தே செய்ய வேண்டும் என்பவர்களுக்கு டிவிடிஸ்டைலர் இருக்கிறது. டைட்டிலின் பண்புகளில் சாப்டர் நேரங்களை எழுத இடம் உண்டு. ஆனால் அங்கே பட வடிவம் 'காப்பி' என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் முழுக் கச்சேரியையும் மறுபடி சுருக்கத் தொடங்கிவிடும், மணிக்கணக்கில் ஓடி முடிந்தபின் படம் மங்கியிருக்கும். லினக்ஸில் டிவிடிஆத்தர் இதையே நேரப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும்.

புதிய குறியில் இறங்கியவுடன் ஓரிரு ஃப்ரேம் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரிந்தால், அந்தக் கொத்து திறந்த வகை. அதன் முதல் சில ஃப்ரேம்கள் முந்தைய கொத்தைச் சார்ந்திருக்கின்றன. குறியை ஒரு கொத்து முன்னே பின்னே நகர்த்தினாலும் பதிவு முழுக்க அப்படியே இருந்தால் தீராது. கச்சேரிக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்காக மறுசுருக்கம் செய்வது நஷ்டம்.

டிஸ்க்கில் எழுதும்போது ஒரு சிறு கணக்கு. டிவிடி-ஆரின் கொள்ளளவு 4,707,319,808 பைட், டிவிடி+ஆரின் கொள்ளளவு 4,700,372,992. ஏறக்குறைய 7 எம்பி வித்தியாசம். விளிம்புவரை நிறைந்த ஒரு டிவிடி-ஆரிலிருந்து எடுத்ததை டிவிடி+ஆரில் எழுதப்போனால் இடம் போதாமல் நிற்கும். அதே வகை டிஸ்க்கையே வாங்குங்கள். இரண்டு டிஸ்க் கச்சேரியை ஒரே இரட்டை அடுக்கு டிஸ்க்கில் சேர்ப்பதென்றால், முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதற்குத் தாவும் இடத்தில் படமும் ஒலியும் ஒரு நொடி நிற்கும். அந்தத் தாவல் ஒரு செல்லின் தொடக்கத்தில்தான் இருக்க முடியும், முதல் அடுக்கு இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கவும் கூடாது. அதனால் பாதிக்குச் சற்றுப் பின்னால் வரும் ஒரு கைதட்டலைத் தேடி, பாட்டுக்குப் பயன்படாவிட்டாலும் அங்கே ஒரு குறி வையுங்கள். எழுதும்போது இம்க்பர்ன் தகுதியுள்ள செல்களைக் காட்டும், அதைத் தேர்ந்தெடுக்கலாம். இதைக் கவனிக்காமல் விட்டால் தாவல் நிரவலின் நடுவில் போய் விழும்.

முதலில் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதி, டிவியோடு இணைத்த பிளேயரில் ஒவ்வொரு குறியாகத் தாவிப் பாருங்கள். கணினியில் ஓடும் விஎல்சி பிளேயர் எதையும் மன்னித்துவிடும், அதில் சரியாக ஓடியது என்பது சான்றாகாது.

டிஸ்க்கே வேண்டாம், கோப்பாக வைத்துக்கொள்கிறேன் என்றால் வேலை பாதியாகக் குறையும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் ஐஎஸ்ஓவை அப்படியே எம்கேவி என்ற வீடியோ கோப்பாக ஆக்கித் தரும். அதன் அமைப்பில் 120 விநாடிக்குக் குறைவான டைட்டிலை விட்டுவிடும் ஒரு விதி இருக்கிறது. மங்களம் தனி டைட்டிலாகப் பதிவாகியிருந்தால் அது காணாமல் போகும், எண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு எம்கேவிடூல்நிக்ஸில் உள்ள சாப்டர் எடிட்டரில் கோப்பைத் திறந்து, நேரங்களைத் திருத்திச் சேமித்தால் முடிந்தது. படத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை. தவறினால் அரை நிமிடத்தில் திருத்திக்கொள்ளலாம். டிவிடி பிளேயரில் சாப்டருக்கு எண் மட்டுமே தெரியும், இங்கே பெயரே வைக்கலாம். ஆடாசிட்டியில் எழுதிய லேபிள் பெயர்கள் இப்போது உதவும். பிரதான உருப்படிக்குள் கிளைச் சாப்டர்களை அடுக்கவும் எம்கேவியில் வசதி உண்டு, ஆனால் பல பிளேயர்கள் கிளைகளைக் காட்டுவதில்லை. அதனால் ஒரே வரிசையில் வைத்து, 'பைரவி - ஆலாபனை', 'பைரவி - வயலின்', 'பைரவி - மோரா' என்று ராகப் பெயரை முன்னால் போட்டு எழுதுங்கள். பட்டியலைத் திறந்தால் அந்த மாலையின் கச்சேரி அப்படியே வரிசையாகக் கண்ணில் படும்.